களைத்த விமானி விடுப்பு எடுத்தால் யாருக்கு நஷ்டம்?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ விமானங்கள் நாடு முழுவதும் அடுத்தடுத்து ரத்தாயின. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கு மேல். கல்யாணத்துக்குக் கிளம்பியவர்கள், சிகிச்சைக்குப் போக வேண்டியவர்கள், நேர்முகத் தேர்வுக்குப் போனவர்கள் எல்லாம் விமான நிலையத் தரையில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார்கள். காரணம் கேட்டால், விமானிகளுக்கான புதிய ஓய்வு விதிகள் என்று பதில் வந்தது.

அந்த விதிகள் திடீரென்று முளைத்தவை அல்ல. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ 2024 ஜனவரியிலேயே அறிவித்தவை. விமான நிறுவனங்கள் எதிர்த்ததால் தள்ளிப்போய், விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனபிறகு 2025-ல் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. நள்ளிரவு 12 முதல் காலை 6 வரைக்குள் ஒரு விமானி ஆறு முறை வரை தரையிறக்கலாம் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. தயாராவதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தும் நாட்டின் மிகப் பெரிய நிறுவனம் தயாராகவில்லை. அப்புறம் என்ன நடந்தது? அந்த நிறுவனத்துக்கு இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு கொடுக்கப்பட்டது. தவறு செய்தது நிர்வாகம். ஓய்வை இழந்தது விமானி.

அந்த நாட்களில் தொலைக்காட்சி விவாதங்களிலும் டீக்கடைகளிலும் ஒரு பேச்சு ஓடியது. மாசம் எட்டு லட்சம், பத்து லட்சம் வாங்குகிறவர்களுக்கு ஓய்வு வேறு வேண்டுமா? மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர் பதினைந்தாயிரம், இருபதாயிரத்துக்கு உழைக்கும் நாட்டில் இந்தக் கேள்வி எழுவதில் தப்பே இல்லை. அந்தச் செவிலியருக்குக் கொடுக்கப்படுவது அநியாயச் சம்பளம் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், விமானியின் சம்பளம் நியாயமா என்பதை அதன் தொகையை வைத்து மட்டும் முடிவுகட்டினால் முக்கியமான ஒன்று கண்ணில் படாமல் போய்விடும். ‘இன்றைக்கு என்னால் ஓட்ட முடியாது’ என்று ஒரு விமானி சொன்னால் அவருடைய கையிலிருந்து எவ்வளவு போகிறது? இதுதான் நான் கேட்க விரும்பும் கேள்வி. அந்தத் தொகை பெரிதாக இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் பயணியின் உயிருக்கு ஆபத்து இருக்கிறது.

முதலில் கையில் வருவதைப் பார்ப்போம். உள்நாட்டு நிறுவனங்களில் புதிதாகச் சேரும் துணை விமானிக்குத் தோராயமாக ஒன்றரை லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை வருகிறது. கேப்டன் ஆனபிறகு ஆறு லட்சத்தைத் தாண்டும். அனுபவத்தையும் விமானத்தையும் பொறுத்து இன்னும் கூடும். நல்ல சம்பளம்தான். ஆனால், அந்த இருக்கைக்கு வருவதற்கு முன்பே அவர் செலவழித்தது இருக்கிறது. வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். இங்கே படித்தாலும் வெளிநாட்டில் படித்தாலும் நாற்பது, ஐம்பது லட்சம் ஆகிவிடும். அதன்பின் குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான டைப் ரேட்டிங். அதற்குத் தனியாகப் பல லட்சம். நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டத்தில் சேர்ந்தால் மொத்தம் ஒரு கோடியைத் தாண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகளோடு இது நிற்பதில்லை. வீட்டை அடமானம் வைத்து, ஊரில் இருக்கும் நிலத்தை விற்று, அப்பாவின் ஓய்வூதியப் பணத்தைப் போட்டுப் படிக்கவந்தவர்களும் இருக்கிறார்கள்.

2023-ல் டிஜிசிஏ 1,600-க்கும் அதிகமான வணிக விமானி உரிமங்களை வழங்கியது. உரிமம் வாங்கிய எல்லோருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. ‘விமானிகள் பற்றாக்குறை’ என்று பத்திரிகைகளில் வருவது கேப்டன்களின் பற்றாக்குறை. 200 மணி நேர அனுபவத்தோடு வரிசையில் நிற்கும் இளைஞர்களுக்குப் பஞ்சமே இல்லை. கேப்டன் ஆவதற்குப் பல ஆண்டுகள் பறக்க வேண்டும். அதற்கு முதலில் யாராவது வேலை கொடுக்க வேண்டும். வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது கிடைக்கிற வேலையை எந்த நிபந்தனைக்கும் ஒப்புக்கொண்டு எடுக்கிறார்கள். அந்த நிபந்தனைகளில் இத்தனை ஆண்டுகளுக்கு விலக மாட்டேன் என்ற பாண்டும் ஒன்று.

சம்பளம் கணக்கிடப்படும் விதம்தான் விஷயத்தின் மையம். நம் நாட்டில் விமானிகளின் சம்பளம் பெரும்பாலும் இரண்டு பங்காக வருகிறது. குறிப்பிட்ட மணி நேரத்துக்கு உத்தரவாதமாகக் கொடுப்பது ஒன்று. பறந்த நேரத்துக்கு ஏற்பக் கொடுப்பது இன்னொன்று. பறந்த நேரம் என்பது சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருக்கும் கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, சேருமிடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை. ‘பிளாக் அவர்’ என்பார்கள்.

சென்னையில் காலை 5 மணி விமானத்தை ஓட்டும் துணை விமானியின் நாளை எடுத்துக்கொள்வோம். அதிகாலை 2 மணிக்கே எழுகிறார். 3 மணிக்கு வாசலில் கார். 4 மணிக்குள் ரிப்போர்ட் செய்ய வேண்டும். மது அருந்தவில்லை என்பதற்கு மூச்சுச் சோதனை. பாதையின் வானிலை, எரிபொருள் அளவு, விமானத்தில் சரிசெய்யாமல் நிலுவையில் இருக்கும் குறைகள் எல்லாவற்றையும் கேப்டனோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். டெல்லியில் மூடுபனி என்று தகவல் வருகிறது. கதவு மூடாமல், கட்டை எடுக்காமல் இரண்டு மணி நேரம் காத்திருப்பு. பயணிகள் சத்தம் போடுகிறார்கள். விமானி அறையில் இருவரும் அதே வானிலை அறிக்கையை அரை மணிக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் ஒரு நிமிடம்கூடப் பிளாக் நேரத்தில் சேராது. டெல்லி போய்ச் சேர்ந்ததும் பணி நேர வரம்பு நெருங்கிவிடுகிறது. திரும்பும் விமானத்தில் அவர் சீருடையோடு பயணியாக உட்கார்ந்து வருகிறார். வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிடும். பத்து மணி நேரத்துக்கு மேல் பணியில் இருந்தவருக்குப் பறந்ததாகக் கணக்கில் ஏறியது மூன்று மணி நேரம் சொச்சம். இடையில் கொடுக்கும் சிறு படிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

சேலத்திலிருந்து சரக்கு ஏற்றிப்போகும் லாரி ஓட்டுநருக்கு நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் அவர் தூங்காமல் ஓட்டுவார் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நெடுஞ்சாலை விபத்துச் செய்தியைப் படிக்கும்போது ஓட்டுநரைத் திட்டுகிறோமே தவிர, கூலி பேசிய விதத்தைப் பற்றிப் பேசுவதில்லை. விமானிக்கும் நடந்திருப்பது அதுதான். தொகை பெரிது, ஏற்பாடு அதே.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் நடந்த விபத்து சாட்சி. கோல்கன் ஏர் என்ற சிறு நிறுவனத்தின் விமானம் நியூயார்க் மாகாணத்தின் பஃபலோ அருகே ஒரு வீட்டின் மீது விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். பயணிகள் வாங்கிய டிக்கெட்டில் காண்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தது, ஓட்டியது கோல்கன். துணை விமானியான 24 வயதுப் பெண்ணின் ஆண்டு வருமானம் சுமார் 16,000 டாலர் என்பது விசாரணையில் வெளிவந்தது. அமெரிக்காவில் அதை வைத்துக்கொண்டு ஒரு வாடகை வீடு எடுப்பதே கடினம். பணி நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்கில் என்றாலும் அவர் கணவரோடு நாட்டின் மறுகோடியில், சியாட்டில் பக்கம் பெற்றோர் வீட்டில் இருந்தார். விபத்துக்கு முந்தைய இரவு சரக்கு விமானங்களில் மெம்ஃபிஸ் வழியாகத் தொற்றிக்கொண்டு வந்துசேர்ந்தார். தங்க அறை இல்லை. கேப்டனும் முந்தைய இரவை விமானிகளுக்கான ஓய்வுக்கூடத்தில்தான் கழித்திருந்தார்.

விமானி அறை ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் விபத்துக்குப் பின் வெளியிடப்பட்டது. அதில் அந்தப் பெண்ணுக்குச் சளி பிடித்திருப்பது தெரிகிறது. வீட்டில் இருக்கும்போதே இப்படி இருந்திருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன் என்கிறார். இங்கே வந்தபிறகு உடம்பு சரியில்லை என்று சொன்னால் சரியாகும் வரை சொந்தக் காசில் ஹோட்டலில் தங்க வேண்டியிருக்கும் என்கிறார். இந்த விமானத்தை ஓட்டிப் போய்விட்டால் அங்கே தங்கும் செலவு கம்பெனியைச் சேரும். முடியாவிட்டால் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு.

இந்தப் பேச்சை எத்தனை முறை வாசித்தாலும் எனக்கு மனம் ஆறுவதில்லை. தன் உடம்பு பறக்கத் தகுதியாக இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சொல்லியும் இருக்கிறார். ஒரு ஹோட்டல் அறையின் வாடகை அவரை விமானத்தில் ஏற்றிவிட்டது. விபத்துக்கு நேரடிக் காரணம், வேகம் குறைந்தபோது வந்த எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாகச் செயல்பட்டது என்றுதான் அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது. இருவருடைய செயல்திறனும் களைப்பால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும், அதன் பங்கை அளந்து சொல்ல முடியவில்லை என்றும் எழுதியது.

அதே குளிர்காலத்தில், இந்த விபத்துக்கு நான்கு வாரம் முன்பு, ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய கேப்டன் சல்லன்பர்கரை உலகமே கொண்டாடியது. பிப்ரவரி 24 அன்று அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு பேச அழைக்கப்பட்டார். வீரதீரக் கதையை எதிர்பார்த்தவர்களிடம் அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசினார். தன் ஊதியம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும், ஓய்வூதியத் திட்டம் கலைக்கப்பட்டு அதற்கு ஈடாகக் கிடைத்தது சொற்பம் என்பதையும், தன் பிள்ளைகளை இந்தத் தொழிலுக்கு வரச் சொல்லும் விமானி ஒருவரைக்கூடத் தனக்குத் தெரியாது என்பதையும் சொன்னார். நாற்பது ஆண்டுகள் பறந்த அனுபவசாலியை ஒரு கை தட்டிக்கொடுத்தது. இன்னொரு கை அவருடைய சட்டைப் பையில் இருந்தது.

பஃபலோ விபத்தில் இறந்தவர்களின் குடும்பங்கள் விடவில்லை. 2010-ல் சட்டம் வந்தது. 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக அமர்வதற்கும் 1,500 மணி நேர அனுபவம் பொதுவாகக் கட்டாயமானது. 2014 முதல் பணிக்கு முன் பத்து மணி நேர ஓய்வு உறுதியானது. சம்பளம் மட்டும் உடனே ஏறவில்லை. கொரோனா காலத்தில் மூத்த விமானிகளைப் பெருமளவில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, கூட்டம் திரும்பியபோது ஆளில்லாமல் தவித்த பிறகுதான் நிறுவனங்கள் பணப்பையைத் திறந்தன. 2022-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் துணை நிறுவனங்கள் புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டாலர் தர முன்வந்தன. 2023-ல் டெல்டா நான்காண்டு ஒப்பந்தத்தில் 34 சதவீத உயர்வுக்குச் சம்மதித்தது. பாதுகாப்புக்காகக் கொடுக்க மறுத்ததைப் பற்றாக்குறைக்காகக் கொடுத்தார்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் மழைக்கு நடுவே தரையிறங்கி, ஓடுபாதையைத் தாண்டிச் சரிவில் விழுந்து பிளந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை அடுத்த ஆண்டு வெளிவந்தது. ஓடுபாதையில் வெகுதூரம் தள்ளி இறங்கியது, விதிப்படி மறுபடி மேலெழாதது எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றோடு, அதிகம் பேசப்படாத ஒரு பத்தியும் இருக்கிறது. மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்ப வேண்டிய விமானத்தை அதே கேப்டன்தான் ஓட்ட வேண்டியிருந்தது. வேறு ஊருக்குத் திருப்பிக்கொண்டு போனால் பணி நேர விதிப்படி அந்த விமானத்துக்கு அவர் வர முடியாது. அதனால் கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற உந்துதல் அவருக்கு இருந்தது என்கிறது அறிக்கை. அந்தத் தளத்தில் 26 துணை விமானிகள் இருந்தார்கள். கேப்டன் ஒரே ஒருவர். நிறுவனத்தின் மனிதவளக் கொள்கையின் குறை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

மழையில் தெரியாத ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது மறுநாளின் பணிப் பட்டியல், அதாவது ரோஸ்டர், ஒரு மனிதரின் தலைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அவர் கெட்டவர் இல்லை, கவனமற்றவரும் இல்லை. கடமையுணர்ச்சி உள்ளவர் என்பதால்தான் மறுநாளைப் பற்றி யோசித்திருக்கிறார்.

அதே அறிக்கை, அந்தக் கேப்டன் மருத்துவர் பரிந்துரைக்காத சர்க்கரை நோய் மாத்திரைகள் எடுத்துக்கொண்டிருந்ததையும் சொல்கிறது. எதற்காக என்று நாம் ஊகிக்க வேண்டாம். ஆனால், விமானிகளோடு பழகியவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை என்றால் அந்த வீட்டில் நிலவும் படபடப்பு தெரியும். ஆண்டுதோறும் பரிசோதனை; வயது 60-ஐத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ரத்த அழுத்தமோ சர்க்கரையோ காதில் கோளாறோ கண்டுபிடிக்கப்பட்டால் ஓட்டுவது நிற்கும். ஓட்டுவது நின்றால் சம்பளத்தின் பெரும்பங்கு நிற்கும். நோயை மறைப்பதற்கு இதைவிடப் பெரிய தூண்டுதல் வேண்டியதில்லை.

2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தை அதன் துணை விமானியே ஆல்ப்ஸ் மலையில் மோதித் தன்னைத் தவிர 149 பேரைக் கொன்றார். அந்தக் குற்றத்துக்குச் சம்பளத்தைக் காரணம் காட்டுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. ஆனாலும், அவர் மனநோயை எப்படி மறைக்க முடிந்தது என்று ஆராய்ந்த பிரெஞ்சுப் புலனாய்வு அமைப்பு, உரிமம் போனால் வருமானமும் போய்விடும், அதை ஈடுசெய்யும் காப்பீடு இல்லை என்ற அச்சத்தையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. பயிற்சிக்காக வாங்கிய சுமார் 41,000 யூரோ கடனும் அந்த அறிக்கையில் இருக்கிறது.

இங்கே நம் நிறுவனங்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன? 2024 ஏப்ரலில் விஸ்தாராவில் விமானிகள் கூட்டமாக விடுப்பில் போனார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. ஏர் இந்தியாவோடு இணையப்போகும் நேரத்தில் கொண்டுவந்த புதிய ஒப்பந்தத்தில், 70 மணி நேரமாக இருந்த உத்தரவாதச் சம்பளத்தை 40 மணி நேரமாகக் குறைத்திருந்தார்கள். அதிகம் பறந்தால் அதிகம் கிடைக்கும் என்று அதற்குச் சமாதானம் சொல்லப்பட்டது. அதுதான் ஆபத்தே. பறக்காத நாளில் விழும் பள்ளத்தை ஆழமாக்கிவிட்டு, பறக்கும் நாளின் மேட்டைக் காட்டுகிறார்கள். துணை விமானிகளுக்குத்தான் அடி அதிகம். கடன் பாக்கி இருப்பதும் அவர்களுக்குத்தான்.

நிறுவனம் நொடித்தால் நிலைமை இன்னும் மோசம். 2012-ல் கிங்ஃபிஷர் விமானிகள் மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் ஓட்டினார்கள். 2019-ல் ஜெட் ஏர்வேஸிலும் அதே கதை. ஏப்ரல் 17-ம் தேதி கடைசி விமானம் பறந்தபோது பலருக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. வீட்டுக்கடன் தவணை கட்ட முடியாத நிலையில் இருந்தவரை நம்பித்தான் அன்றைக்குப் பயணிகள் ஏறினார்கள்.

இதற்கு நேரெதிராக, விமானி விலக நினைத்தால் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2017-ல் டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கேப்டன் ஓராண்டும் துணை விமானி ஆறு மாதமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 2023-ல் ஆகாசா ஏர் நிறுவனத்திலிருந்து 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் போனபோது, அந்த நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது. சொல்லாமல் கிளம்பியதால் தவித்த பயணிகளை நினைத்தால் அவர்கள் செய்தது சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால், ஓராண்டு முன்பே சொல்லிவிட்டுக் காத்திருங்கள் என்று சொல்லும் அரசு, மாதம் பிறந்தால் சம்பளம் வந்தாக வேண்டும் என்பதை அதே கண்டிப்போடு சொல்வதில்லை.

ஓய்வு கொடுத்தால், கூடுதல் ஆள் எடுத்தால் டிக்கெட் விலை ஏறும் என்று பயமுறுத்துவார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப்பார்க்கலாம். கேப்டனுக்கு எட்டு லட்சம், துணை விமானிக்கு இரண்டரை லட்சம், மாதம் 70 மணி நேரம் பறப்பதாக வைத்துக்கொண்டால் இருவருக்கும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு ஆகும் சம்பளம் 15,000 ரூபாய். விமானத்தில் 150 பேர் இருந்தால் தலைக்கு 100 ரூபாய். சென்னை–டெல்லிக்கு மூன்று மணி நேரம் என்றால் 300 ரூபாய். பயிற்சி, தங்குமிடம் போன்ற செலவுகள் இதில் சேரவில்லை. இருந்தாலும், ஜன்னலோர இருக்கைக்கும் கூடுதல் பெட்டிக்கும் நம்மிடம் வாங்குவதோடு ஒப்பிட்டுப்பார்த்தால் இது எவ்வளவு என்பது புரியும். பத்து சதவீதம் அதிக விமானிகளை வேலைக்கு எடுத்தால் டெல்லி போகும் ஒரு பயணிக்குக் கூடுவது 30 ரூபாய்.

ஆகவே, மூத்த கேப்டனின் மணி நேர விகிதத்தை இன்னும் ஏற்றிக்கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதை ஏற்றினால் களைப்போடு பறக்கும் ஆசையும் சேர்ந்து ஏறும். உத்தரவாதச் சம்பளம் 70 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது என்று ஒழுங்குமுறையாகவே கொண்டுவரலாம். களைப்பு என்று எழுதிக்கொடுத்து விலகும் விமானிக்கு அன்று ரோஸ்டரில் இருந்த நேரம் முழுவதையும் பறந்ததாகக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக்கொடுத்தவர்கள் எத்தனை பேர், நிறுவனம் எத்தனை பேருடையதை ஏற்றது என்பதை டிஜிசிஏ மாதந்தோறும் வெளியிட வேண்டும். உரிமம் இழப்புக் காப்பீட்டை நிறுவனத்தின் செலவில் கட்டாயமாக்க வேண்டும். டைப் ரேட்டிங் செலவை, அந்தத் திறமையால் வருமானம் பார்க்கும் நிறுவனம் ஏற்பதுதான் முறை. முன்னறிவிப்புக் காலமும் ஒருவழிப் பாதையாக இருக்க வேண்டியதில்லை: சம்பளம் ஒரு மாதம் தவறினால் அந்த விமானி அன்றே விலகிக்கொள்ளலாம் என்று 2017 விதியிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும்.